மைலுக்கா, நிமிடத்துக்கா? கொட்டாஞ்சேனைக்கு ஒரு கோபப் பயணம்

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை பத்துக் கிலோமீட்டர்தான். இதற்கும் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். கடந்த சனிக்கிழமை, அங்குள்ள கத்தோலிக்கக் கோயில் திருநாளன்று, போய்ச் சேர எனக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம் பிடித்தது. போன காரணத்தை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

சின்ன வாடகை விமானக் கம்பனி ஒன்றில் எனக்கு வேலை. விமானத்தில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று கணித்துத் தாள் தயாரிப்பேன். மறுநாள் காலை மலைநாட்டு ஓடுபாதை ஒன்றிலிருந்து எட்டுப் பேரை ஏற்றிவர வேண்டும். வழமையாக நாலு பேர்தான். அதனால், புறப்படும் முறை அச்சிட்ட வரைபடத்தை முதன்முறையாக நானே திறந்து பார்த்தேன். ஒரு மைலுக்கு 400 அடி ஏற வேண்டும் என்று இருந்தது. விமானத்தை ஓட்டும் கப்டன் எனக்குத் தந்திருந்த குறிப்பிலோ நிமிடத்துக்கு 400 அடி. ஐயோ கடவுளே! அந்த விமானம் ஏறும்போது நிமிடத்தில் ஒன்றரை மைல் ஓடும். அப்படியென்றால் நிமிடத்துக்கு 600 அடி வேண்டும். எட்டுப் பேரோடு 500தான் ஏறும். எதிரே மலை நிற்கிறது.

கப்டனுக்கு அழைத்தேன். "இருபது வருஷமாப் பறக்கிறன் தங்கச்சி. திருநாள் அண்டைக்கும் விடமாட்டீங்களா?" என்று வைத்துவிட்டார். பிறகு போன் ஓஃப். உதவி விமானியைக் கேட்டால், "கப்டன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும் அக்கா" என்கிறார். முதலாளி வெளிநாட்டில். என்ன மனிதர்களப்பா இவர்கள்!

கப்டன் வீடு கொட்டாஞ்சேனையில்; நேரே போய்ச் சொல்வதென்று பிற்பகல் 3.40க்கு வெள்ளவத்தை ஸ்டேஷனில் நின்றேன். ரயில் இருபத்தைந்து நிமிடம் தாமதம். கோட்டையில் இறங்கிப் புறக்கோட்டைச் சனத்துக்குள் நீந்தி ஓட்டோ பிடித்தேன். பேசியது 400 ரூபாய். ஜம்பட்டா வீதி முனையில் ஓட்டோ நின்றுவிட்டது.

"பார வஹலா, நோனா. வீதி மூடிட்டாங்க. கோயில் சுரூபம் ஊர்வலமா வருது. இனி நடந்துதான் போகோணும்."

"அப்ப காசைக் குறையுங்கோ."

"ஐயோ நோனா, வீதியை நானா மூடினன்?"

முழுக் காசையும் வாங்கிக்கொண்டார். மிச்ச எழுநூறு மீற்றரைப் பாட்டுக்கும் பட்டாசுக்கும் நடுவே நடந்தேன். கப்டன் வீடு மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லை. கதவைத் தட்டும்போது 5.30.

வீடு நிறைய விருந்தாளிகள். கப்டன் சிரித்தார். "பிளேன் ஓட்டுறது நானோ, நீங்களோ?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவரைக் கையோடு படிக்கட்டுக்குக் கூட்டிவந்தேன். "இதில மெதுவா ஏறினாலும் ஓடி ஏறினாலும், ஒரு அடி முன்னுக்குப் போக அதே உயரம்தானே ஏறோணும்? ஓடினா நிமிஷத்துக்குக் கூடுதலா ஏறோணும். நீங்கள் ஓடப் போறியள், நடக்கிற கணக்கை வச்சுக்கொண்டு. மலைக்கு உங்கட நிமிஷம் தெரியாது, சேர்!"

வரைபடத்தை வாங்கிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். சிரிப்புப் போய்விட்டது.

"ரெண்டு பேரையும் அவையின்ர சாமானையும் குறைச்சால்?"

"650 ஏறும்."

"குறையுங்க." வரைபடத்தைத் திருப்பித் தந்தபடி சொன்னார்: "நாலு வருஷமா பாரம் ஏத்துற தாளில ரெண்டு கையெழுத்து இருக்குது, தங்கச்சி."

இரண்டாவது கையெழுத்து என்னுடையது. அவர் தந்த எண்ணை ஒருநாளும் சரிபார்க்காமல் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாலு பேர் என்பதால் விமானம் தப்பியிருக்கிறது, எங்கள் கெட்டித்தனத்தால் அல்ல. வெட்கமாக இருந்தது.

திருநாளில் கொட்டாஞ்சேனை போகிறவர்கள் பிற்பகல் இரண்டுக்கு முன் போய்விடுங்கள். ஓட்டோக்காரரிடம் எங்கே இறக்குவார் என்று முதலே கேளுங்கள். நல்ல செருப்புப் போடுங்கள். இப்படிப்பட்ட வேலையில் இருப்பவர்களே, வரைபடத்தை உங்கள் கண்ணால் வாசியுங்கள். இருபது வருஷ அனுபவம் என்று யாராவது சொன்னால் இரண்டு தரம் வாசியுங்கள்.

திரும்பும் வழியில், அந்த எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு மலைநாடு போயிருந்த தெஹிவளை அம்மாவுக்கு அழைத்தேன். அவரும் கணவரும் வேனில் வர வேண்டியிருக்கும் என்றேன்.

"காசும் கட்டிப்போட்டு அஞ்சு மணித்தியாலம் வேனில குலுங்கவோ? நீங்களெல்லாம் மனிசரோ?"

கோட்டை ஸ்டேஷன் வரை ஏசினார். ஞாயிறு இரவு, வீடு வந்து சேர்ந்ததும் திரும்ப எடுத்து ஏசினார். அவர் ஏசி முடிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.