நெல் காயும் வீதிக்குத் தார் வந்த நாள்

இன்று காலை தம்பலகாமத்தில் பஸ் நின்றுவிட்டது. வீதியின் ஒரு பக்கம் ரோலர். மறுபக்கம் படங்கு விரித்துக் காயப்போட்ட நெல்.

அரசாங்கத்திடம் காசு தீர்ந்துபோன காலத்தில் கல் பரப்பியதோடு கைவிட்ட வீதி அது. அன்றிலிருந்து அறுவடைக்கு அறுவடை அங்கேதான் நெல் காய்கிறது.

நெல்லுக்குச் சொந்தக்கார அக்காவிடம் வேலை மேற்பார்வையாளர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"பட்ஜெட்டில இப்பதான் காசு ஒதுக்கியிருக்கினம் அக்கா. இண்டைக்குத் தார் போடவேணும். கொஞ்சம் அள்ளுங்கோ."

"இவ்வளவு காலமும் எங்க போனனீங்கள்?"

"வரவைவிடச் செலவு கூடிப்போச்சு. கடன் தரவும் ஆளில்லை. முதல்ல நிப்பாட்டினது றோட்டு வேலையைத்தான்."

"இப்ப மட்டும் எங்கால காசு?"

"வரி கூட்டினதுதான். நீங்கள் குளிக்க வாங்கிற சவுக்காரத்திலயும் அந்த வரி இருக்கு."

அக்கா யோசித்தார். பிறகு படங்கின் நுனியை மேற்பார்வையாளர் கையிலேயே திணித்தார்.

"அப்ப இது என்ர காசிலயும் போடுற றோட்டு. வடிவாப் போடுங்கோ. முதல்ல இதைப் பிடியுங்கோ."

பஸ்ஸில் இருந்த நாங்களும் இறங்கி, சிரித்துச் சிரித்து நெல் அள்ளினோம். வரி கூடியதைத் திட்டாமல் நான் கழித்த முதல் காலை இதுவாகத்தான் இருக்கும்.

பஸ் புறப்படும்போது அக்கா மேற்பார்வையாளரிடம் கேட்டார்: "தார் எப்ப இறுகும்?"

"ஏன் அக்கா?"

"தார் றோட்டுச் சூட்டில நெல்லு கெதியாக் காயும்."

வீதி வந்துவிடும், நம்பிக்கை இருக்கிறது. அதில் பஸ்ஸுக்கும் கொஞ்சம் இடம் கிடைக்குமா என்பதைத்தான் தம்பலகாமத்து நண்பர்கள் சொல்லவேண்டும்.