தொட்டித் தண்ணீர் ஆறட்டும்

சாயப்பட்டறை சென்னய்யா, நூல் அலசிய வெந்நீரைச் சூட்டோடு சாக்கடையில் விட்டதே இல்லை. தொட்டியிலேயே ஆறவிட்டு, கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் திறந்துவிடுவார். ஏனென்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பக்கத்து வீட்டுப் பாலாமணிதான் ஒருநாள் கவனித்தாள். சாக்கடைக் கல்லுக்கு அடியில் தவளைகள் குடியிருந்தன.

அந்த வருஷம் அவள் வீட்டுக்காரர் நவநீதகிருஷ்ணன் நெஞ்சு ஆபரேஷன் முடிந்து பிழைத்து வந்தார். தறி ஓட்டுகிற குடும்பம். தன் கையால் சாயம் ஏற்றி, தானே நெய்து, அம்மனுக்குச் சேலை சாத்துவதாகப் பாலாமணி நேர்ந்திருந்தாள். வேறு கை படக் கூடாது. அம்மன் பாதத்தில் வைத்து வாங்கி வந்த நூல் என்பதால், கெட்டுப்போனால் மாற்று நூலும் கிடையாது.

சாமி காரியமாயிற்றே என்று, பொங்கப் பானைபோலத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, சிவப்புச் சாயத்தைக் கரைத்து, குலவையிட்டு நூலைப் போட்டாள். எடுத்துப் பார்த்தால் ஓரிடம் ரத்தச் சிவப்பு, ஓரிடம் வெளுப்பு.

“அம்மன் புலி மேல வாறவதானே. சேலையும் வரிவரியா இருந்துட்டுப் போகுது,” என்றார் வீட்டுக்காரர்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுதுகொண்டே பட்டறைக்குப் போய்ச் சொன்னாள். சென்னய்யா கூடவே வந்தார். ஆனால் வாசற்படி ஏறவில்லை.

“நேந்துக்கிட்ட நூலு, நான் தொடக் கூடாது. ரெண்டு டம்ளர் கொண்டா தங்கச்சி. ஒண்ணுல பச்சத்தண்ணி, ஒண்ணுல சுடுதண்ணி.”

இரண்டிலும் ஒரு சிட்டிகை சாயம் போட்டார். பச்சைத் தண்ணீரில் அது நூல் நூலாக மெல்ல இறங்கியது. சுடுதண்ணீரில் கண் மூடித் திறப்பதற்குள் டம்ளர் முழுக்கப் பரவிவிட்டது.

“தண்ணி சும்மா கெடக்குறாப்புல தெரியும். உள்ள கண்ணுக்கு அம்புடாத துணுக்கெல்லாம் ஓடிக்கிட்டேதான் இருக்கும். சூடு ஏறுனா ஓட்டம் கூடும். நீ எடுத்த எடுப்புலயே கொதியில போட்டுட்டே. பந்திக்கு முந்துற கூட்டமாட்டம், கண்ட எடத்துல சாயம் உக்காந்துருச்சு.”

“இனி எந்திரிக்காதாண்ணே?”

“உக்கார வச்ச சூடே எழுப்பியும் விடும். சாயமில்லாத தண்ணியில போட்டு மெள்ளச் சூடேத்து. நெரிசல்ல உக்காந்தது எந்திரிச்சு, காலி எடம் பாத்துப் போகும். பெரட்டிக்கிட்டே இரு.”

தெளிந்த தண்ணீர் சிவக்கத் தொடங்கியதும் பாலாமணி பதறினாள். “அண்ணே, எல்லாம் கரைஞ்சு போகுது.”

“கரையல. எடம் மாறுது. பொறு,” என்றது வாசலிலிருந்து குரல்.

பொறுத்தாள். வெளுத்த இடங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தன. முன்பைவிட ஒரு பிடி இளஞ்சிவப்பு; ஆனால் எங்கும் ஒரே நிறம். அந்த நூலில் அவள் நெய்த சேலையைத்தான் பொங்கலன்று அம்மன் உடுத்தி நின்றாள். அன்றிலிருந்து பாலாமணி விளக்கேற்றும்போதெல்லாம் வீட்டுக்காரர் பேரோடு சென்னய்யா பேரையும் சேர்த்துச் சொல்லித்தான் கும்பிடுகிறாள்.

பின்னொரு நாள், முழங்கால் வலி தாங்காமல் சென்னய்யா திருப்பூருக்கு, மகள் வீட்டுக்குப் புறப்பட்டார். போன இடத்திலேயே கண் மூடினார் என்று பிறகு சேதி வந்தது. புறப்பட்ட அன்று, பட்டறைச் சாவியைப் பாலாமணி கையில் கொடுத்தார். மனசில் இருந்ததைச் சொல்ல அவள் வாயெடுப்பதற்குள், அவர் முந்திக்கொண்டார்.

“காலையில போட்ட தண்ணி தொட்டியில கெடக்கு தங்கச்சி. இன்னும் ஆறல. கையை வச்சுப் பாத்துட்டுத் தொறந்துவிடு.”