இரண்டு நீலத் துளைகள்

“மறுபடியுமா டீச்சர்?” என்று கேட்டார் சோலைமலை.

“ஓம் அண்ணை. மொனிட்டர் இருட்டாத்தான் கிடக்கு.” டயகமவிலிருந்து இரண்டு மணி நேரம் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கம்பியூட்டர் பெட்டியை யசோதினி மேசையில் இறக்கினாள்.

“போன வாரம் இங்க நல்லா ஓடுச்சே. உங்க கண்ணாலயே பாத்தீங்க.”

“பாத்தனான்.”

“நம்ம கடைன்னா அதுக்குப் புடிக்குது, ஸ்கூலுன்னா புடிக்கல. பிள்ளைங்க மாதிரிதான்.”

அவள் சிரிக்கவில்லை. “திங்கக்கிழமை கல்விக் கந்தோராக்கள் சோதிக்க வருகினம். இது ஓடாட்டி டவுன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயிடுவினமாம். எங்களிட்ட இருக்கிறது இது ஒண்டுதான்.”

சோலைமலை பெட்டியைத் தன் மொனிட்டரோடு பொருத்தினார். படம் பளிச்சென்று வந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பெட்டியில கோளாறு இல்ல. அப்ப நான்தான் அங்க வரணும்,” என்று முழங்காலைத் தடவிக்கொண்டே எழுந்தார்.

ஹட்டனில் மாடிப்படிக்கு மேலே அவருடைய கடை. றொசல்லயில் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவர். முதலில் றேடியோ, பிறகு டீவி, இப்போது இது. பதினைந்து வருடமாகக் குனிந்தே இருந்ததில் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. மத்தியானச் சோற்றை நாலு மணிக்குத்தான் சாப்பிடுவார். சொந்தமாக ஒரு கம்பியூட்டர் அவருக்கு இருந்ததில்லை. கடை மொனிட்டர்கூட யாரோ திருத்தக் கொடுத்துவிட்டு வாங்க வராமல் விட்டுப்போனது.

அன்று சனிக்கிழமை. அப்போதே கடையைப் பூட்டிவிட்டு, பெட்டியோடு அவளும் அவருமாகப் பஸ் ஏறினார்கள். மழையில் பாடசாலைப் படிகளை ஏறும்போது மூன்று இடத்தில் நின்றார். வகுப்பறையில் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, “நான் இல்லைன்னு நெனச்சு நீங்களே மாட்டுங்க,” என்றார்.

யசோதினி சுவரைப் பார்த்தாள். கம்பியூட்டரோடு கல்வி அலுவலகத்திலிருந்து வந்த தாள் அங்கே ஒட்டியிருந்தது. சிங்களத்தில் நாலு வரி, ஒரு படம், கீழே முத்திரை. நீல வயர் மேலேயுள்ள நீலத் துளைக்கு. அவள் அப்படியே மாட்டினாள். மொனிட்டர் இருட்டாகவே இருந்தது.

சோலைமலை தாளையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தார். மேலேயுள்ள துளை, பெட்டியோடு பிறந்தது. அதில் படம் கோடுகோடாக வந்ததால் இரண்டு மாதத்துக்கு முன்பு அதை நிறுத்திவிட்டு, படம் வருவதற்கென்றே புதிதாக ஒரு கார்ட் போட்டிருந்தார். அதன் துளை கீழே இருந்தது. அதுவும் நீலம்தான். வயரைப் பிடுங்கிக் கீழே குத்தினார். படம் வந்தது.

“நான் தாளிலை இருக்கிற மாதிரித்தான் செய்தனான்,” என்றாள் அவள், முகம் சிவந்து.

“உங்க மேல தப்பில்ல. கடையில எப்பவும் நான்தானே மாட்டுவேன், சொல்லணும்னே தோணல.”

அவள் தாளைக் கிழிக்கக் கையை நீட்டினாள்.

“கிழிக்காதீங்க. முத்திரை இருக்குல்ல, வர்றவங்க அதைப் பாத்துத்தான் மாட்டிப் பாப்பாங்க.” அவர் திரும்பவும் வாங்கில் உட்கார்ந்தார். “எனக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது. நீங்க ரெண்டும் படிச்சவங்க. கீழ இருக்கிற தொளையில குத்துங்கன்னு அதுக்கு அடியில ஒரு வரி எழுதிடுங்க டீச்சர். ரெண்டு பாஷையிலயும், பெருசா எழுதுங்க. இன்னொரு தடவ இந்தப் படி ஏற என்னால முடியாது.”