சாம்பலில் உட்கார்ந்த ராஜா

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாகத்தான் வரும், பாதி மறந்தும் போயிற்று, பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் தறிக்குப் பக்கத்தில் ஒரு கொட்டாங்குச்சி நிறையச் சாம்பல் இருக்கிறது. அறுந்த பட்டு இழைகளைப் பிணைக்கும்போது விரல் வழுக்காமலிருக்கத் தொட்டுக்கொள்வோம். அதைப் பார்த்தால் என் ஓரகத்தி நினைவு வந்துவிடும்.

எழுபதுகளின் கடைசி என்று நினைக்கிறேன். வீட்டுப் பாகத் தகராறில், தறியில் நீளவாக்கில் ஏற்றியிருந்த என் பாவு இழைகளைப் பிளேடால் பாதிக்குமேல் அறுத்துவிட்டாள். எனக்குச் சண்டை போட வராது. அவள் கை விளங்காமல் போகவேண்டும் என்று எல்லாச் சாமியிடமும் கேட்டுக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. புதன்கிழமைகளில் எங்கள் தெருவுக்குப் பைபிளோடு வேதம் சொல்ல வரும் அம்மாவிடமும் கேட்டேன்.

“உங்க சாமியாவது ஜல்தியா கேக்கக் கூடாதாங்க? இன்னாத்துக்குப் பாத்துகினு இருக்குது?”

“அவருக்கு அவசரமில்லம்மா. திருந்துவாங்களான்னு காத்துகினு இருக்காரு.”

நினிவே என்ற பொல்லாத ஊரின் கதையைச் சொன்னார். நாற்பது நாளில் ஊர் அழியும் என்று ஒரு தீர்க்கதரிசி கூவினானாம். ராஜா இறங்கிவந்து சாம்பலில் உட்கார்ந்தானாம். அறுந்ததைப் பிணைக்கத்தான் உட்கார்ந்தான் என்று நான் எண்ணிக்கொண்டேன். எங்களுக்குச் சாம்பல் என்றால் அதுதானே. கடவுள் இரங்கி ஊரை விட்டுவிட்டார். தீர்க்கதரிசிக்குப் பொறுக்கவில்லை, ஊருக்கு வெளியே கோபித்துக்கொண்டு உட்கார்ந்தான். இத்தனை சனத்துக்காக நான் இரங்கக் கூடாதா என்று கடவுள் அவனைக் கேட்டாராம். அதற்குள் உள்ளே என் குழந்தை அழுதது, எழுந்து போய்விட்டேன்.

அடுத்த வாரம் ஒரு காலையில் ஓரகத்தி தானாக வந்து என் தறிமுன் உட்கார்ந்தாள். சாம்பலைத் தொட்டு, ஒவ்வோர் இழையாகப் பிணைக்கத் தொடங்கினாள்.

“இன்னாடி, வாயில கொழுக்கட்டையா? திட்டறதுன்னா திட்டிடு. இழை நெறைய கீது, கேட்டுகினே செய்யறேன்.”

நான் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. இரண்டு நாள் வந்தாள். ஒரு வாய் தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் என்று பெரணமல்லூரில் இருந்த தாய்வீட்டுக்குப் போனாள். அங்கேயே செத்துப்போனாள்.

மீதி இழைகளை நானே பிணைத்தேன். நான் கேட்டதுதான் நடந்ததா? அவளுக்குத் தண்டனை என்றால், திருந்திய பிறகு எதற்கு? எனக்குத் தண்டனை என்றால், அவள் ஏன் சாகவேண்டும்? காத்துக்கொண்டிருந்தவர் அவளுக்காகக் காத்திருந்தாரா, எனக்காகவா? இந்த வயதிலும் விளங்கவில்லை.

இப்போது மருமகள்தான் பாவு பிணைக்கிறாள். கொட்டாங்குச்சியில் சாம்பல் நிரப்பி, பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்துவிட்டு வருவேன்.

ஊர்ப் பெயரோ நாள் கணக்கோ தப்பாயிருந்தால், வேதம் படித்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். கடவுள் கேட்டாரே, அதற்கு அந்தத் தீர்க்கதரிசி என்ன பதில் சொன்னான் என்றும் பாருங்கள். எழுந்து ஊருக்குள் போனானா?