திரும்பிப் பார்த்தே ஓடினோம்

எங்கள் ஹைஸ்கூலில் மைதானம் இருந்த இடத்தில் புது வகுப்பறைக் கட்டடம் வந்துவிட்டது. மிச்சமிருந்த இடத்தில் காலை பிரேயருக்கு நிற்கலாம், ஓட முடியாது. அதனால் பி.டி. மிஸ் எங்களைச் சாயங்காலங்களில் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டை ஒட்டிய ரோட்டுக்குக் கூட்டிப்போவார். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் டிரெய்லர்கள் வரிசைகட்டிப் போகும் ரோடு அது. அதன் ஓரத்தில்தான் நாங்கள் நாலு பெண்களும் ரிலே பழகினோம். வீட்டுக்கு வந்து மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். இதைச் சொன்னால் ‘ஐயோ பாவம்’ என்கிறார்கள். யாருடைய பரிதாபமும் எங்களுக்கு வேண்டாம்.

ரிலேயில் குச்சியை வாங்குகிறவள் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஓடிக்கொண்டே கையைப் பின்னால் நீட்ட வேண்டும், வருகிறவள் அதில் வைப்பாள். பார்த்தால் வேகம் குறையும். எங்களுக்கோ திரும்பாமல் ஓடவே வராது. டிரெய்லர் வருகிற ரோட்டில் பின்னால் பார்க்காதவள் வீடு போய்ச் சேரமாட்டாள். மிஸ்ஸுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. பார்க்காமல் வாங்கியபோதெல்லாம் குச்சி கீழே விழுந்தது.

மண்டலப் போட்டிக்கு முன்னால் தலைமையாசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். முதல் இரண்டு இடத்துக்குள் வந்து மாவட்டப் போட்டிக்குப் போனால் பயிற்சி தொடரும், இல்லையென்றால் சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ். அந்தப் பள்ளியில் எனக்கென்று இருந்தது ஓட்டம் ஒன்றுதான்.

போட்டியன்று நாங்கள் திரும்பித் திரும்பி ஒத்திகை பார்ப்பதைக் கண்டு, ஸ்பைக்ஸ் ஷூ போட்ட பக்கத்து லேன் பெண்கள் சிரித்தார்கள். “என்னப்பா, ரோடு கிராஸ் பண்றீங்களா?”

எங்கள் அணியின் நெட்டுக்குப்பத்துக்காரி இடுப்பில் கைவைத்து நின்றாள். “எங்க ரோட்டாண்ட வந்து ஓடிப் பாரு. அப்பால சிரி.”

“இன்னிக்கு மட்டும் திரும்பாதீங்கம்மா” என்று மிஸ் கெஞ்சினார்.

கடைசி ஓட்டம் என்னுடையது. எனக்குக் குச்சி கொடுக்க வேண்டிய நெட்டுக்குப்பத்துக்காரி மூன்றாவதாக வந்துகொண்டிருந்தாள். நான் திரும்பினேன். நன்றாகவே திரும்பி அவள் கையைப் பார்த்து வாங்கினேன். பக்கத்து லேனில், பார்க்காமல் நீட்டிய கைக்கு எட்டாமல் குச்சி தரையில் உருளும் சத்தம் கேட்டது. இரண்டாவதாக வந்தேன். மிஸ் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

மறுநாள் பிரேயரில் தலைமையாசிரியர் எங்களைப் பாராட்டினார். கூடவே மைக்கில் புத்திமதியும் சொன்னார். “மாவட்டத்துலயாவது திரும்பிப் பார்க்காம ஓடணும், சரியா?”

எல்லாருக்கும் கேட்கிற மாதிரி நான் சொன்னேன். “கிரவுண்டு குடுங்க சார். திரும்பாம ஓடுறோம்.”

அவர் மைக்கை அணைத்துவிட்டார். அன்று சாயங்காலமும் அதே ரோடுதான். பின்னால் ஹாரன் கேட்டது. நாலு பேரும் திரும்பிப் பார்த்தோம், ஒதுங்கினோம், ஓடினோம்.