வீடு உண்டா, இல்லையா

அவள் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவளைப் பற்றிக் குறை சொல்ல எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அவள் எழுதிய பட்டியலை எங்கள் பி.டி.ஓ. ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "வேலைன்னா இதும்மா வேலை" என்று சொன்ன அந்தக் காலை நேரம் இன்னும் எனக்கு வயிற்றில் எரிகிறது. பக்கத்தில் என் பட்டியல் கிடந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, முத்து முத்தாக எழுதியது. அதைப் பாராட்டி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எழுபதுகளின் கடைசி. கொடைக்கானல் மலையில் ஓர் ஒன்றிய அலுவலகத்தில் நாங்கள் இரண்டு பேர் கிராம சேவிகாக்கள். கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுப்பது, பிள்ளைகளைப் பால்வாடியில் சேர்ப்பது, புகையில்லா அடுப்பு போடச் சொல்லிக் கெஞ்சுவது, மேலிடம் அனுப்புகிற படிவங்களையெல்லாம் நிரப்புவது எங்கள் வேலை. நான் நாயுடுபுரத்துக்காரி. மிஷன் பள்ளியில் படித்தவள், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வேதம் வாசிப்பவள். அவள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பத்துப் பெண். ஆபீசில் அவளைச் 'சிலோன் சேவிகா' என்பார்கள். என்னை வெறுமனே சேவிகா என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்ச நாள் பெருமைகூட இருந்தது. மலைக்கிராமங்களில் கதை தலைகீழ் என்பது பிறகுதான் தெரிந்தது. அங்கே 'நம்ம சேவிகா' என்றால் அவள். நான் 'ஆபீஸ் அம்மா'.

கூக்கால் கிராமத்துக்கு அப்போது எப்போதாவதுதான் பஸ். நான் போய் இறங்கினால் அங்குள்ள பெண்கள் எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு, எனக்குப் பின்னால் பஸ் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "அந்தம்மா வரலீங்களா?" என்பார்கள். மரியாதையாகத்தான் கேட்பார்கள், அதுதான் எனக்கு ஆத்திரமாக வரும். அவள் போனால் பீன்ஸ் பறிப்பவர்களோடு வரப்பில் உட்கார்ந்து, வெல்லத்தைக் கடித்துக்கொண்டு, பால் இல்லாத தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடிப்பாளாம். எல்லாம் நடிப்பு என்று வீட்டில் அம்மாவிடம் சொல்வேன். நானும் ஒரு தடவை அப்படி உட்கார்ந்து பார்த்தேன். பதறிப்போய் எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

அந்த வருஷம், கீழ்ச்சரிவுக் காடுகளில் வாழும் மலைச்சனங்களுக்கு அரசாங்கம் வீடு கட்டித் தரப்போகிறது என்று உத்தரவு வந்தது. தேன் எடுத்தும் கடுக்காய் பொறுக்கியும் எஸ்டேட்டுகளில் கூலிக்குப் போயும் பிழைப்பவர்கள் அவர்கள். வீடு இல்லாதவர்களின் பட்டியல் வேண்டும். மெட்ராஸில் தயாரான படிவம், அப்போது எங்களுக்கு ஜில்லா தலைநகரமாக இருந்த மதுரை வழியாக, மை வாசனை மாறாமல் வந்து இறங்கியது. நான்காவது கட்டத்தில் கேள்வி: 'வீடு உண்டா, இல்லையா?' வத்தலக்குண்டு போகிற ரோட்டுக்குக் கீழே ஓர் ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கத்துக் குடியிருப்பு எனக்கு, அந்தப் பக்கத்துக் குடியிருப்பு அவளுக்கு.

நான் வெள்ளனே கிளம்பிப் போய், குடிசை குடிசையாக நின்று, படிவத்தில் உள்ளபடியே கேட்டேன். "இருக்குங்கம்மா" என்றார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் அதையே சொன்னார்கள். புல் வேய்ந்த, குனிந்து நுழைந்தாலும் முதுகு தட்டுகிற ஒன்றைக் காட்டி, "இந்தா நிக்குதுல்ல" என்றார்கள். 'உண்டு', 'உண்டு' என்று எழுதிக்கொண்டே வந்தேன். மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. அவளுக்கு நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் எனக்குச் சாப்பாடு ருசித்தது.

பிறகுதான் நான் முதலில் சொன்ன அந்தக் காலை வந்தது. ஓடைக்கு இந்தப் பக்கம் எல்லாருக்கும் வீடு இருக்கிறது, அந்தப் பக்கம் ஒருத்தருக்கும் இல்லை, இது என்ன கூத்து என்று பி.டி.ஓ. கேட்டார். அவள் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். "வீடு இருக்கான்னு கேட்டா எந்தப் பொம்பளைங்க ஐயா இல்லைம்பா? அடுப்பு எரியிற எடம் வீடுதானுங்களே. நாங்க சிலோன்ல, தோட்டத்து லயத்துல, ஒத்தை ரூம்பு காம்பராவுல ஒம்போது பேரு கெடந்தோம். கணக்கெடுக்க வந்தவங்க கேட்டப்ப, எங்கப்பா வீடு உண்டுன்னுட்டாரு. இல்லைன்னு சொல்ல வாய் வரல அவருக்கு. அதான் நான் இங்க வேற மாதிரி கேட்டேன். மழை பெஞ்சா எங்க படுப்பீங்கன்னு."

"என்ன சொன்னாங்க?"

"பாறைக்கு அடியிலன்னாங்க ஐயா."

எத்தனையோ திட்டங்களை அதற்குப் பிறகு பார்த்துவிட்டேன். எதுவும் கெட்ட எண்ணத்தோடு தொடங்கப்பட்டதில்லை. வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற ஒருவர் ஒரு கேள்வியை எழுதுவார். அந்தக் கேள்வி எத்தனையோ மேஜை தாண்டி, இல்லை என்று சொல்வதையே கேவலமாக நினைக்கிற ஒருவரிடம் வந்து நிற்கும். நடுவில் இருக்கிற யாராவது ஒருத்தி அதைத் திருப்பிப் போட்டுக் கேட்டால் உண்டு. அந்த ஒருத்தி நானாக இல்லையே என்பதுதான் என் வேதனை. நனைகிற சனங்களைப் பற்றி அந்த நிமிஷம் நான் நினைக்கவே இல்லை.

பி.டி.ஓ. என்னைத் திட்டவில்லை. இன்னொரு தரம் போய் அவள் கேட்ட மாதிரியே கேட்டுவிட்டு வரச் சொன்னார். ஒரு வாரம் தவணை இருந்தது. வராந்தாவில் அவள் என் பின்னாலேயே வந்தாள். "நாளைக்கு வெரசாக் கெளம்புனா ரெண்டு பேருமா ஒரே நாள்ல முடிச்சுப்புடலாம்க்கா" என்றாள். "எனக்கும் கால் இருக்கு" என்றேன்.

கால் இருந்தது, போகத்தான் மனசு வரவில்லை. ஒவ்வொரு குடிசை வாசலிலும் நின்று அவளுடைய கேள்வியை என் வாயால் கேட்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். ஏழாவது நாள் என் மேஜையிலேயே உட்கார்ந்து, பட்டியலின் அடியில் எழுதினேன்: 'மறு ஆய்வு செய்யப்பட்டது. மாற்றம் இல்லை.' பி.டி.ஓ. நம்பிக் கையெழுத்துப் போட்டார். பட்டியல் மதுரைக்குப் போய்விட்டது.

அந்தப் பக்கத்துக் குடியிருப்பில் வீடுகள் எழும்பின. சாவி கொடுக்கிற நாளில் நான் முக்கிய சேவிகாவாக, அதாவது அவளுக்கு மேலதிகாரியாக, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பைல்களைச் சுத்தமாக வைத்திருந்ததற்காகப் பதவி உயர்வு எனக்குத்தான் வந்திருந்தது. இந்தப் பக்கத்துச் சனங்கள் ஓடையைத் தாண்டி வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். கைப்பிள்ளையோடு ஒரு பெண் என்னிடம் வந்தாள். "நீங்க அன்னைக்கே வந்து கேட்டீங்க. நாங்கதான் இருக்குன்னு சொல்லிப்புட்டோம். எங்க மேலதாம்மா தப்பு" என்றாள். அடுத்த முறை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பினேன். இரண்டடி தள்ளி, தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் சிலோன் சேவிகா நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

அடுத்த வாரம் என் மேஜைக்கு அவளுடைய மனு வந்தது. இந்தப் பக்கத்துக் குடியிருப்பு முழுவதையும் நடந்து கேட்டிருக்கிறாள். 'முன்பு கேட்கப்பட்ட கேள்வி இம்மக்களுக்குப் பொருந்தாததால் இவர்கள் விடுபட்டுப் போயினர்' என்று எழுதியிருந்தாள். என் பெயர் இல்லை. மறு ஆய்வைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் அங்கே இரண்டாம் முறை போகவே இல்லை என்பது அந்தச் சனங்கள் சொல்லி அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"அதை ஏன் எழுதலை?" என்று கேட்டேன். எதை என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

"எழுதுனா பைலு அவங்களை விட்டுட்டு ஒங்களைப் புடிச்சுக்கும்க்கா. விசாரணைன்னு போயிரும். அவங்களுக்கு வீடு வேணும்."

கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன். அவள் என்னைக் காப்பாற்றினாள் என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் அவள் என்னை மன்னிக்கவும் இல்லை, காட்டிக்கொடுக்கவும் இல்லை. அவள் கணக்கில் நான் இல்லவே இல்லை. அத்தனை வருஷம் நான் அவளோடு பந்தயம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் என்னோடு ஓடியதே இல்லை.

இந்தப் பக்கம் வீடுகள் எழும்ப எண்பதுகளில் பாதி கழிந்துவிட்டது. அத்தனை மழைக்கும் அவர்கள் பாறைக்கு அடியில்தான் படுத்தார்கள். நான் அப்போது திண்டுக்கல்லுக்கு மாற்றலாகியிருந்தேன். யாரோ ஆபீசில் செய்தி சொன்னபோது, 'இதையும் அவளே செய்துவிட்டாளா' என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அந்தப் பெண்ணும் பிள்ளையும் இனி நனைய மாட்டார்கள் என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. இப்போது ஓய்வு பெற்று நாயுடுபுரத்துக்கே வந்துவிட்டேன். மழை பெய்தால் அவர்களை நினைக்கிறேன். இன்றைக்கும் அவள் முகம்தான் முதலில் வருகிறது, அவர்கள் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள்.