எந்தக் கட்சிக்கும் போகாத எங்கள் அக்கா

மட்டக்களப்பில் பிறந்து மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் கண்மூடிய எங்கள் அன்பு அக்கா பிரிந்து இன்றுடன் ஓராண்டு. 'அமைதியாக வாழ்ந்தார்' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மனம் ஒப்பவில்லை. அக்கா எவரையும் அமைதியாக இருக்க விட்டவரல்லர்.

போரில் அத்தானை இழந்து, இரு பிள்ளைகளுடன் கனடாவுக்கு வந்தவர். செயின்ட்-லோரன்டில் மருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கினார். வசித்தது நகரசபைக் குடியிருப்பின் நாலாம் மாடியில். அங்கே அடிக்கடி நின்ற லிஃப்ட் ஒருநாள் ஒரேயடியாக நின்றுவிட்டது. குடியிருந்தவர்களைக் கூட்டிச் சங்கம் அமைத்தவர் அக்கா.

தேர்தல் வந்தால் இரண்டு கட்சிக்காரரும் சங்கத்துக்கு வருவார்கள். பொன்னாடை, படம், கைகுலுக்கல். லிஃப்டைப் பற்றிக் கேட்டால் 'கவனத்தில் எடுத்திருக்கிறோம்' என்பார்கள். தேர்தல் முடிந்தால் தொலைபேசியைக்கூட எடுக்கமாட்டார்கள்.

ஒருமுறை ஒரு கட்சியின் தமிழ்ப் பிரமுகர் வீட்டுக்கே வந்தார். நானும் அங்கிருந்தேன்.

"அக்கா, எங்கட கட்சியில சேருங்கோ. பேந்து லிஃப்ட் எங்கட பொறுப்பு."

"நான் சேர்ந்திட்டா, மத்தக் கட்சிக்கு வோட்டுப் போடுற சனத்துக்காக ஆரு தம்பி கதைக்கிற? லிஃப்ட் எல்லாருக்கும்தானே?"

"அப்பிடிப் பாத்தா அரசியல் செய்யேலாது, அக்கா."

"அது உங்கட பாடு. தேத்தண்ணியக் குடிங்க, ஆறப்போகுது."

அவர் முகம் கறுத்துப் படியிறங்கினார். மற்றக் கட்சியினரோ அக்காவை அந்தப் பிரமுகருடைய கட்சி ஆள் என்று கதை கட்டினார்கள். உறவினர் சிலரும் 'கொஞ்சம் வளைந்து கொடுத்தால் என்ன?' என்றார்கள். எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. கட்சியில் சேராதவர் வாய் திறந்தால் கேட்க ஆளில்லை என்றால், நாம் எதற்கு வோட்டுப் போடுகிறோம்?

சிறுநீரக நோய் முற்றியபின், அயல்வீட்டுத் தம்பிமார் இருவர்தான் அக்காவை நாற்காலியில் இருத்திப் ஒவ்வொரு முறையும் படியால் இறக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முன்னால் பிடித்தவர் ஒரு கட்சி, பின்னால் பிடித்தவர் மற்றக் கட்சி. வழியெல்லாம் வாக்குவாதம்.

"சண்டையப் பிறகு பிடிங்க. என்னை விழுத்திப் போடாதீங்க" என்று அக்கா சிரிப்பார்.

இந்த நினைவு மலருக்கு இரு கட்சிகளும் அனுதாபச் செய்தி அனுப்பியிருந்தன, தங்கள் படங்களுடன். இரண்டிலும் அக்கா 'எங்கள் தோழி'. நாங்கள் சேர்க்கவில்லை. முதற்பக்கத்தில் இருப்பது நாற்காலி தூக்கிய தம்பிமாரின் படம்.

அவர்களுக்கும், மருத்துவர், தாதியருக்கும், துக்க நாட்களில் சமைத்துத் தந்த அயலவருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. இன்றைய மதிய உணவு அக்காவின் வீட்டில். எல்லாரும் வரவேண்டும், இரு கட்சியினரும்தான். நாலாம் மாடி. படியால் ஏறி வாருங்கள்.

அன்புத் தம்பி